பம்பரம் விடாத வருஷம்

பட்டறை வீதியில் அந்த வருஷத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், லேத்துகள் ஓடாமல் போனதையோ மோட்டார்கள் தண்ணீர் இறைக்காமல் போனதையோ யாரும் முதலில் சொல்வதில்லை. சிந்துஜாவின் லேப்டாப் எழுந்திருக்காமல் போனதைத்தான் சொல்வார்கள். அந்த வீதியில் எந்த வேலையும் அந்த லேப்டாப்பிலிருந்துதான் தொடங்கும், அதனால் கேடும் அங்கிருந்துதான் தொடங்கியிருக்கவேண்டும் என்று அவர்கள் முடிவு செய்துவிட்டார்கள்.

கோயம்புத்தூருக்கு வெளியே, முன்பக்கம் பட்டறையும் பின்பக்கம் வீடுமாக நீண்டு கிடந்த வீதி அது. சிந்துஜா இன்ஜினியரிங் படித்துவிட்டு, யாரிடமும் முகம் பார்த்துப் பேசக் கூச்சப்பட்டு, வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து பட்டறைக்காரர்களுக்குப் படம் வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் கம்பி வழியாக ஒரு உடைந்த பற்சக்கரத்தையோ தேய்ந்த புஷ்ஷையோ நீட்டுவார்கள். அவள் வாங்கி, அளந்து, லேப்டாப்பில் வரைந்து, அச்செடுத்து அதே கம்பி வழியாகத் திருப்பிக் கொடுப்பாள். நடுவில் ஒரு வார்த்தை இருக்காது. ஆனால் யார் வீட்டு மோட்டார் எந்தச் சுருதியில் முனகும், யார் வருத்தமாக இருந்தால் லேத்தை வேகமாக ஓட்டுவார்கள் என்பதெல்லாம் அந்த ஜன்னலுக்குத் தெரியும்.

ஆயுத பூஜை அன்று வீதி முழுவதும் திருமூர்த்தியின் பட்டறையில் கூடுவது வழக்கம். ஓடுகிற பொருள் எல்லாவற்றுக்கும் சந்தனம் தொட்டுக் குங்குமம் வைத்து, இன்று உனக்கு ஓய்வு, நாளைக்கு எழுப்புகிறேன் என்று சொல்லி விட்டுவிடுவார்கள். செல்போனை மட்டும் யாரும் பூஜையில் வைப்பதில்லை. ஒரு நாள் முழுக்க அதைத் தொடாமலிருக்க யாராலும் ஆகாது. மறுநாள் விஜயதசமி காலையில் சிந்துஜா முதலில் லேப்டாப்பைத் திறப்பாள். அதில் பம்பரம் என்ற பெயரில் ஒரு சின்னப் படம் இருக்கும். அதைப் பார்த்துத் திருமூர்த்தி லேத்தில் பித்தளைப் பம்பரங்கள் கடைந்து, வீதிக் குழந்தைகளுக்கும் அந்த வருஷம் பிறக்கப்போகிற குழந்தைகளுக்கும் கொடுப்பார். யாருக்கும் விற்காத அந்தப் பம்பரம் சுற்றிய பிறகுதான் மற்ற வேலை.

அந்த வருஷம் ஆர்டர் இல்லை. பட்டறைகள் பாதி நாள் சும்மா கிடந்தன. விஜயதசமி காலையில் திருமூர்த்தி பித்தளைக் கம்பியை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பவும் மூலையில் சாத்தினார்.

"பித்தளை விக்கற விலைக்குப் பம்பரம் ஒண்ணுதான் கேடு. ஆர்டர் வரட்டும், அப்பறம் ஓட்டிக்கலாம். அதுகளும்தான் இன்னொரு நாள் தூங்கட்டுமே" என்றார்.

அப்படியாக அந்த வருஷம், ஓய்வு கொடுத்த எதையும் யாரும் எழுப்பவில்லை.

ஆர்டர் அடுத்த நாளே வந்தது. சிந்துஜா மூடியைத் திறந்து பவர் பட்டனை அழுத்தினாள். ஓரத்தில் ஒரு சின்ன வெள்ளை விளக்கு மெல்ல எரிந்து மெல்ல அணைந்தது. அவ்வளவுதான். திரை கறுப்பாகவே இருந்தது, உள்ளே விசிறி சுற்றவில்லை. சார்ஜரை மாற்றிப் பார்த்தாள். வேறு பிளக்கில் சொருகிப் பார்த்தாள். கறுப்புத் திரையில் அவளுடைய முகம்தான் தெரிந்தது.

அடுத்த வீதியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்த ஜெரால்டு, பையைத் தூக்கிக்கொண்டு வந்தான். சார்ஜரைப் பிடுங்கினான், பேட்டரியைக் கழற்றினான், உள்ளே தங்கிக் கிடக்கும் மிச்ச மின்சாரம் வடியட்டும் என்று பவர் பட்டனை நெடுநேரம் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு எல்லாவற்றையும் திரும்ப மாட்டினான். விளக்கு மெல்ல எரிந்து மெல்ல அணைந்தது. திரைதான் போய்விட்டதோ என்று டார்ச் அடித்துப் பார்த்தான், வேறொரு மானிட்டரில் இணைத்துப் பார்த்தான். அடிமூடியைத் திறந்து, மெமரி அட்டையை உருவி, அதன் தங்கநிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்துத் துடைத்துத் திரும்பச் சொருகினான். கடைசியில் ஸ்க்ரூக்களைத் தட்டில் கொட்டிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"ஒரு பார்ட்டும் போகலை சிந்து. கரண்ட் உள்ள போகுது. போர்டு நல்லாருக்கு. எல்லாம் உயிரோடதான் இருக்குது, ஆனா ஆரம்பிக்க மாட்டேங்குது. நான் இப்பிடி ஒண்ணப் பார்த்ததே இல்ல."

"அண்ணா, எங்க வீட்டுக் கிரைண்டரும் நேத்திலிருந்து இப்பிடித்தான்" என்றாள் சிந்துஜா, தரையைப் பார்த்துக்கொண்டே.

அப்போதுதான் வாசலில் நின்றவர்கள் ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பித்தார்கள். எங்கள் மோட்டாரும்தான். என் மொபெட்டும்தான். தையல் மிஷினும்தான். தங்கள் வீட்டில் மட்டும் பழுது என்று நினைத்து, அடுத்தவர் சிரிப்பார்களே என்று மறைத்துவைத்திருந்ததெல்லாம் வெளியே வந்தது. சந்தனம் வைத்தவற்றில், கையால் இயக்குகிறவை கையோடு இயங்கின. கத்தரி வெட்டியது, அரம் அராவியது. ஆனால் தொட்டுவிட்டுக் கையை எடுத்தால் தானாக ஓடவேண்டியது எதுவும் ஓடவில்லை. பூஜைக்குப் பிறகு வாங்கிய டிரில்லிங் மிஷின் ஒன்று மட்டும், பொட்டில்லாத நெற்றியோடு, எதுவும் நடக்காததுபோல ஓடிக்கொண்டிருந்தது.

சந்தனத்தைக் கழுவிப் பார்த்தார்கள். பலனில்லை. விஜயதசமியன்று விட்டுப்போன மறுபூஜையைப் பூசணிக்காயும் கற்பூரமுமாகப் பெரிதாகச் செய்து பார்த்தார்கள். கற்பூரம் எரிந்து தீர்ந்தது, லேத்துகள் படுத்திருந்தன. பிறகு அந்த வீதி, மழைக்குக் குடை எடுத்துக்கொள்வதுபோல அதற்குப் பழகிக்கொண்டது. பக்கத்து வீதியிலிருந்து குடங்களில் தண்ணீர் வந்தது. மொபெட்டை மிதித்துக்கொண்டே போகப் பழகினார்கள். ஜெரால்டு செய்ததை ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தவர்கள் அந்த வைத்தியத்தை எல்லாவற்றுக்கும் செய்தார்கள். ஒயரைப் பிடுங்கி, பட்டனை நெடுநேரம் அழுத்தி, மனசுக்குள் சாமியை நினைத்துத் திரும்ப மாட்டினார்கள். தையல்காரி வசந்தாமணி மிஷினின் ஒவ்வொரு உறுப்பையும் பென்சில் ரப்பரால் தேய்த்தாள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அழிரப்பர் கிடைக்காமல் போனது.

"என்ற வீட்டுக்காரரு சாப்பிட்டதும் கட்டல்ல விழுந்தா எந்திரிக்கறதில்ல. அவருக்கும் எங்காச்சும் பட்டன் இருந்தா அமுத்திப் பாக்கலாம்" என்று அவள் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடித்தபோது வீதியில் எந்தச் சத்தமும் இல்லாததைக் கேட்டு, சட்டென்று அவரவர் வீட்டுக்குள் போய்விட்டார்கள்.

சிந்துஜா சிரிக்கவில்லை. அவள் தன் அக்கா ரேணுகாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரேணுகா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். டாக்டர் சொன்ன தேதி கடந்துவிட்டது. வலி வரவில்லை. பூஜையன்று திருமூர்த்தியின் பட்டறையில், சந்தனக் கிண்ணத்தோடு மிஷின் மிஷினாகப் பொட்டு வைத்துக்கொண்டு வந்த அம்மா ருக்குமணி, நாற்காலியில் சாய்ந்திருந்த ரேணுகாவிடம் வந்ததும் நின்றாள். சேலையை விலக்கி அந்தப் பெரிய வயிற்றிலும் மூன்று விரலால் சந்தனம் இழுத்து நடுவில் குங்குமம் வைத்தாள்.

"ஐயோ, கூசுதும்மா! நானென்ன லேத்தா?" என்று ரேணுகா நெளிந்தாள்.

"உள்ள ஒண்ணு ஓடிட்டிருக்குதுல்ல? எல்லாத்துக்கும் வெச்சுட்டு இதுக்கு மட்டும் வெக்காட்டி, பொறந்ததும் என்னெயக் கேக்கும்" என்றாள் அம்மா. பட்டறை முழுக்கச் சிரித்தது. சிந்துஜாவும் சிரித்தாள்.

இப்போது அந்தப் பொட்டை நினைத்துத்தான் அவள் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சொல்லவில்லை, ஆனால் அம்மாவுக்கும் அது எட்டிவிட்டது. ஒரு நாள் குழம்பு தாளித்துக்கொண்டிருந்தவள் கரண்டியை அப்படியே விட்டுவிட்டு, அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு ரேணுகாவின் வயிற்றையே பார்த்தாள். கடுகு கருகி வீடு முழுக்கப் புகைந்தது. அன்று மத்தியானம் ரேணுகாவைப் பாயில் உட்காரவைத்து, வளையல்களைக் கழற்றி, தோட்டைக் கழற்றி, கொலுசைக் கழற்றி, ஜெரால்டு லேப்டாப்புக்குச் செய்ததைப்போலவே கொஞ்சநேரம் சும்மா இருக்கவிட்டு, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டுவிட்டாள். தாலியை மட்டும் கழற்றக் கை வரவில்லை. அதைக் கழற்றாமல் விட்டதால்தான் பலிக்கவில்லையோ என்று, பாத்திரம் துலக்கும்போது தனக்குத்தானே சொல்லிச் சொல்லி அழுதாள்.

ஆஸ்பத்திரியில் பிரசவ வலி வருவதற்கு ஊசி போட்டார்கள். மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கித் தீர்ந்தது. ரேணுகா பசிக்கிறது என்றாள், வேறொன்றும் நடக்கவில்லை. ஸ்கேன் திரையில் குழந்தையின் இதயம் ஒரு சின்ன வெளிச்சமாக எரிந்து அணைந்து எரிந்து அணைந்து கொண்டிருந்தது. சிந்துஜா அதை ஏற்கெனவே லேப்டாப்பின் ஓரத்தில் பார்த்திருந்தாள்.

"பயப்பட ஒண்ணுமில்லை. நாளைக்கு மறுநாள் காலையில ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம். வெளிய வந்து ஒரு தடவ அழுதுட்டா எல்லாம் சரியாகிடும்" என்றார் டாக்டர்.

மற்றவர்களுக்கு அது ஆறுதலாக இருந்தது. சிந்துஜாவுக்கு அன்றிலிருந்துதான் பயம் உண்மையாகப் பிடித்தது. அடிமூடி திறந்து மேஜைமேல் கிடந்த லேப்டாப் அவள் கண்ணுக்குள்ளேயே நின்றது. ஒரு குறையும் இல்லை, எல்லாம் உயிரோடுதான் இருக்கிறது, ஆரம்பிக்க மாட்டேன் என்கிறது. கத்தி வைத்து எடுத்துவிடலாம். கத்தி கையால் இயங்குவது. ஆனால் எடுத்த பிறகு மூச்சு தானாகத் தொடங்கவேண்டும், அழுகை தானாகத் தொடங்கவேண்டும். பொட்டு வைத்த எதுவும் தானாகத் தொடங்காத இந்த வீதியில், இந்தக் குழந்தை மட்டும் எப்படித் தொடங்கும்?

மறுநாள் காலை, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் பையில் சிந்துஜா பழைய துணிகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தபோது, ரேணுகா திடீரென்று கேட்டாள்.

"சிந்து, என்ற புள்ளைக்கு மட்டும் பம்பரம் இல்லையா?"

"என்னக்கா?"

"நம்ம ரெண்டு பேருக்கும் இருக்குதுல்ல, அவுங்கவுங்க பொறந்த வருசத்துப் பம்பரம்? இந்த வருசம் திருமூர்த்தி மாமா விடவே இல்லையே. இது வந்து கேட்டா என்ன சொல்றது?"

சிந்துஜாவின் கையிலிருந்த துணி அப்படியே நின்றது. எழுப்புகிறேன் என்று சொல்லித்தானே தூங்கவைத்தோம். அவள் செருப்புப் போடாமல் வீதியில் இறங்கி, பூஜை நாளைத் தவிர உள்ளே காலெடுத்து வைக்கக் கூச்சப்பட்ட பட்டறைக்குள் போய், திருமூர்த்தியின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"மாமா, ஒரு பம்பரம் வேணும்."

"லேத்து ஓடுனா நான் வேண்டாங்கறனா அம்மிணி?"

"லேத்து வேண்டாம். அரத்துல அராவறேன்."

"கையிலயா? சென்டர் வராது சாமி. சுத்த வேண்டாம், நிக்கவே நிக்காது."

அவள் மூலையில் சாத்தியிருந்த பித்தளைக் கம்பியில் ஒரு துண்டை அறுத்து, வைஸில் இறுக்கி, அரத்தை எடுத்தாள். கல்லூரியில் முதல் வருஷம் ஒரு இரும்புத் துண்டைச் சதுரமாக அராவச் சொல்லி, அவள் அராவியதைப் பார்த்து வாத்தியார் இது என்ன வாழைப்பூவா என்று கேட்டிருந்தார். அதற்குப் பிறகு இப்போதுதான் அரத்தைத் தொடுகிறாள். உள்ளங்கை கொப்பளித்தது, கொப்பளம் உடைந்தது. அராவும் சத்தம், அந்த மௌனமான வீதியில் எல்லா வீட்டுக்கும் கேட்டது. வசந்தாமணி வந்து எட்டிப்பார்த்துவிட்டு, அரத்தை வாங்கிக் கொஞ்சநேரம் அராவினாள். அப்புறம் வேறொருவர் வாங்கினார், அப்புறம் இன்னொருவர். ஆளுக்கு ஒரு பக்கமாக அராவியதில் அது ஆளுக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. எல்லோருக்கும் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்ற திருமூர்த்தி கடைசியில் முன்னால் வந்து, ஒரு பித்தளைக் கம்பிக்குக் கணக்குப் பார்த்த கையால் அதன் முனையைக் கூராக்கிக் கொடுத்தார்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பம்பரம் முடிந்தது. எலுமிச்சம்பழத்தை யாரோ மிதித்ததுபோல இருந்தது.

சிந்துஜா அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, மூடிய லேப்டாப்பின்மேல் வைத்து, காம்பைப் பிடித்துச் சுண்டினாள். இரண்டு சுற்றுச் சுற்றிச் சாய்ந்தது. மறுபடி சுண்டினாள், மேஜையிலிருந்து உருண்டு விழுந்தது. வாசல் நிறைய நின்றவர்களில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். ரேணுகா வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து, "குடு இங்கெ, என்ற புள்ளையோடது" என்று வாங்கி, உதட்டைக் கடித்துக்கொண்டு ஒரு சுண்டு சுண்டினாள்.

பம்பரம் தள்ளாடியது, விழப்போவதுபோலச் சாய்ந்து வட்டமடித்தது, பிறகு யாரோ தூக்கி நிறுத்தியதுபோல நிமிர்ந்து நின்று சுற்றியது. மெல்லிய ஒரு ரீங்காரம் எழுந்தது. பம்பரத்தின் சத்தம் என்றுதான் முதலில் நினைத்தார்கள். லேப்டாப்பின் உள்ளே விசிறி சுற்ற ஆரம்பித்திருந்தது. மூடியின் விளிம்பு வழியாக வெளிச்சம் ஒரு கோடாகக் கசிந்தது. அடுத்த நொடி, சுவிட்சை அணைக்க மறந்துபோயிருந்த அத்தனை லேத்துகளும் மோட்டார்களும் கிரைண்டர்களும் ஒரே நேரத்தில் அலறிக்கொண்டு எழுந்தன. அந்தச் சத்தத்தில் குழந்தைகள் வீறிட்டன, ரேணுகா குனிந்து, "அம்மா... வலிக்குது" என்றாள்.

அவளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு எல்லோரும் ஓடினார்கள். சிந்துஜா போகவில்லை. பம்பரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. அதைத் தனியாக விட்டுப்போக அவளுக்குப் பயமாக இருந்தது. ஜெரால்டு வாசற்படியில் உட்கார்ந்து அவளுக்குத் துணையிருந்தான். அவள், தன் மூச்சு பட்டுவிடுமோ என்று துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு, அந்தக் கோணல் பித்தளையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நடுச்சாமம் தாண்டிச் செல்போன் அடித்தபோது பம்பரம் தலையை ஆட்ட ஆரம்பித்திருந்தது.

"சிந்து..." அம்மாவின் குரல் அம்மாவின் குரலாகவே இல்லை. "பொறந்துருச்சு. பொட்டப்புள்ள. அழல, சிந்து. தட்டறாங்க, தலைகீழாப் புடிக்கறாங்க, அழவே மாட்டேங்குது."

பம்பரம் ஒரு பெரிய வட்டம் போட்டு, சாய்ந்து, மூடியின் விளிம்புவரை உருண்டு, நின்றது. லேப்டாப்பின் விசிறி அடங்கியது. வீதியில் லேத்துகள் ஒவ்வொன்றாக இறங்கி அடங்கின. போனில் யாரோ எதையோ வேகமாக எடுத்துக் கொடுக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"மறுபடி சுத்து சிந்து" என்றான் ஜெரால்டு, எழுந்து நின்று. "ஒரு தடவ எந்திரிச்சது மறுபடி எந்திரிக்கும். சுத்து!"

தோலுரிந்த விரல்களால் அவள் காம்பைப் பிடித்தாள். சுண்டியதும் அது கோணலாகத்தான் போனது. ஆனால் போனது. விசிறி முனகியது, திரையின் வெளிச்சம் கசிந்தது. போனுக்குள்ளிருந்து, பூனை மிதிபட்டதுபோல ஒரு சத்தம் வந்தது. பிறகு அது நீண்டு, விரிந்து, கோபமான ஒரு அழுகையாக ஆனது. ஜெரால்டு சிலுவை போட்டுக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

அன்றிலிருந்து அந்தப் பம்பரம் விழுந்தால், விழுந்த கையோடு யாராவது சுற்றிவிட்டார்கள். அது விழுகிற நேரத்தில் லேத்துகள் மூச்சடங்குவதும், சுற்றிவிட்டதும் திரும்ப எழுவதும் வீதிக்குப் பழகிப்போனது. குழாய்த் தண்ணீருக்கு முறை வைப்பதுபோல வீடு வீடாக முறை வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள்; அவல் கொறித்தபடி, மல்லிகை கட்டியபடி, ஒரு கண்ணை மட்டும் லேப்டாப் மூடியின்மேல் வைத்திருந்தார்கள். சிந்துஜாவுக்குப் படம் வரைய வேறொரு லேப்டாப் வாங்கிக் கொடுத்தார்கள். பம்பரம் நின்று கிடந்தால் லேத்து நிற்கும், அது எல்லோருக்கும் தெரியும். குழந்தை என்ன ஆகும் என்பது யாருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள யாருக்கும் தைரியமில்லை. அதனால் ரேணுகா குழந்தையோடு புருஷன் வீட்டுக்குத் திரும்பாமல் அங்கேயே இருந்துவிட்டாள். பம்பரம் சாயும்போதெல்லாம் சிந்துஜா ஓடிப்போய்த் தொட்டிலுக்குள் குனிந்து, குழந்தையின் மூக்கின்கீழ் விரலை வைத்தாள்.

அடுத்த ஆயுத பூஜை வந்தது. அந்த வருஷம் பம்பரத்துக்கென்று தனியாகவே பித்தளை வாங்கிவைத்திருந்தார் திருமூர்த்தி. காலையில் எல்லோரும் பூவும் பொரியுமாக வீட்டில் நிறைந்திருந்தபோது, முறைக்கு உட்கார்ந்திருந்த வசந்தாமணி வாசலில் யாரோ கூப்பிட்டதற்குத் திரும்பினாள். தவழ்ந்து வந்த குழந்தை மேஜைக் காலைப் பிடித்து எழுந்து நின்றது. கையை நீட்டி, சுற்றிக்கொண்டிருந்த பம்பரத்தைக் கொத்தாகப் பிடித்தது.

விசிறி நின்றது. வெளியே லேத்துகள் நின்றன, மோட்டார்கள் நின்றன. ரேணுகா கையிலிருந்த பூத்தட்டு விழுந்தது. யாரும் நகரவில்லை. போன வருஷத்து மௌனம் திரும்பி வந்து கூடத்தின் நடுவில் உட்கார்ந்தது.

குழந்தை கைக்குள் இருந்ததை ஒருமுறை பார்த்தது, வாயில் வைத்துச் சப்பியது, பிடிக்காமல் முகத்தைச் சுளித்தது, எச்சில் வழிய எல்லோரையும் சுற்றிப் பார்த்தது. பிறகு, இத்தனை பேர் இத்தனை பெரிய கண்களோடு நிற்பதைக் கண்டு, தானாக, வயிறு குலுங்கச் சிரித்தது.

சிந்துஜா குழந்தையை வாரி எடுத்து, அதன் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள். ஓடிக்கொண்டிருந்தது. பம்பரம் அதன் முஷ்டிக்குள் இறுகிக் கிடந்தது, நெஞ்சு ஓடிக்கொண்டேயிருந்தது. ஒரு வருஷமாக அடக்கிவைத்திருந்த மூச்சை அவள் விட்டாள்.

"போச்சாது போங்க, போனாப் போகுது, லேத்து நாளைக்கு எந்திரிச்சுக்கும்" என்று திருமூர்த்தி தழுதழுத்த குரலில் சொன்னார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சந்தனக் கிண்ணத்தை எடுத்தாள். நின்றுபோன லேப்டாப்புக்கு வைத்தாள், கிரைண்டருக்கு வைத்தாள், மிக்சிக்கு வைத்தாள். சந்தோஷத்தில் கை தன்போக்கில் போக, சிரித்துக்கொண்டிருந்த குழந்தையின் நெற்றியை நோக்கி அந்த மூன்று விரல்களும் நீண்டன.

சிந்துஜா அம்மாவின் மணிக்கட்டைப் பாதி வழியில் பிடித்தாள். பிடித்தவள், அம்மா கையைக் கழுவி முடிக்கும்வரை விடவில்லை.